கோமாளி மீனும் குடிக்கிற தண்ணீரும்

1. பூ சுருங்கிப் போச்சு

“முத்து, பூ சுருங்கிப் போச்சு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ.”

கனகம் அம்மா போனில் சொன்னது இவ்வளவுதான். காலை பத்து மணி இருக்கும். கடையில் தங்கமீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த ஹோஸ் எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. தரையெல்லாம் தண்ணீர் ஓடிவிட்டது.

“ஏம்மா, கடையவே தொட்டியாக்கப் பாக்கியா?” என்று கத்தினார் எங்கள் கடை முதலாளி சுந்தரம் அண்ணாச்சி.

“அண்ணாச்சி, அந்த வீட்டுப் பூ.”

அதற்குமேல் அவர் கத்தவில்லை. தன் மொபெட் சாவியை எடுத்து நீட்டினார்.

பூ என்று நாங்கள் சொன்னது கடலில் வளரும் ஒரு உயிர். புத்தகங்களில் கடல் சாமந்தி என்று போடுவார்கள். வியாபாரத்தில் அனிமோன். கனகம் அம்மா வீட்டில் அது பூ. பார்க்கப் பூ மாதிரி இருக்குமே தவிர அது பூவும் இல்லை, செடியும் இல்லை. வாயும் வயிறும் உள்ள பிராணி. அதன் விரல் போன்ற இழைகள் பட்டால் மற்ற மீன்கள் துடித்துச் சாகும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனை மட்டும் அது ஒன்றும் செய்யாது. அந்த மீன் ஜோடியாகப் பூவுக்குள் புகுந்து, அங்கேயே படுத்து எழுந்து குடித்தனம் நடத்தும்.

அந்த வீட்டில் ஏற்கனவே ஒரு பூ செத்திருந்தது. இரண்டாவதும் செத்தால் தொட்டியையே தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று கனகம் அம்மாவின் வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். சிவகாசி வட்டாரத்தில் எங்கள் கடை எடுத்த முதல் உப்புத் தண்ணீர் ஆர்டர் அது. அது கைவிட்டுப் போனால் அடுத்த ஆர்டர் வராது. ஆர்டர் இல்லாமல் என்னை வேலைக்கு வைத்திருக்க அண்ணாச்சிக்கு வழியில்லை. நான் மறுபடி தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போக வேண்டும். என் நெஞ்சு அதைத் தாங்காது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார்.

மொபெட்டை எப்படி ஓட்டினேனோ, எனக்கே தெரியாது. வழியில் ஒரு லோடு ஆட்டோக்காரன் என்னைத் திட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

2. மீன் கடை

எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைத்தவள். கை வேகத்தில் என்னை அடிக்க அந்த ரூமில் ஆள் கிடையாது. ஆனால் மருந்துத் தூசி நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்துவிட்டது. நாலு படி ஏறினால் நாய் மாதிரி இளைப்பேன். “இனிமே அந்தத் தூசிப் பக்கம் தல வச்சுப் படுக்காத” என்றார் டாக்டர்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் செக்ஷனில் இருந்தார். ஒருத்தர் வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாது. அப்போதுதான் திருத்தங்கல் ரோட்டில் கண்ணாடிக் கடை வைத்திருந்த சுந்தரம் அண்ணாச்சி கூப்பிட்டு வேலை கொடுத்தார். சாமி படத்துக்குச் சட்டம் போடுவது, கண்ணாடி வெட்டுவது, அதோடு மீன் தொட்டி ஒட்டுவது என்று கடை நடந்துகொண்டிருந்தது. தொட்டி ஒட்டிக் கொடுத்தவர் மீனும் விற்க ஆரம்பித்திருந்தார். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த நேரம்.

முதல் நாள் ஒரு மூட்டைக் கூழாங்கல்லைக் கழுவச் சொன்னார். கலங்கல் போகிறவரைக்கும் கழுவ வேண்டும். சாயங்காலம் வரை கழுவினேன். ஒரு தடவைகூட நெஞ்சு இழுக்கவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

என் மாமியாருக்கு மட்டும் இந்த வேலை கடைசி வரை பிடிபடவில்லை. “மீன் கடையில வேல பாக்கேன்னு ஊரெல்லாம் சொல்லுத. ஒரு நாளாச்சும் நாலு சாளை கொண்டாந்து கண்ணுல காட்டுனியா?” என்று கேட்பார். கறி மீனுக்கும் கண்ணாடித் தொட்டி மீனுக்கும் வித்தியாசம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

3. ஜோடி சேர்த்த கதை

ஆர்டர் கொடுத்தவர் கனகம் அம்மாவின் வீட்டுக்காரர் தங்கவேல் முதலாளி. விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பேன்சி வெடி ஆபீஸ் வைத்திருந்தார். வானத்தில் போய்ப் பூவாக விரிகிற வெடி. ஊரில் அவரை ஊதா தங்கவேல் என்பார்கள். நீலத்தை நாங்கள் ஊதா என்றுதான் சொல்வோம். வெடியில் சிவப்பும் பச்சையும் யாருக்கும் வரும், ஊதா லேசில் வராது. அவர் கைக்கு அது வந்தது. டிரையல் மருந்தை யாரையும் தொடவிடாமல் அவரே கலந்து பார்ப்பார்.

சிங்கப்பூரில் ஏதோ ஒரு ஓட்டலில் கோமாளி மீன் பூவுக்குள் தூங்குவதைப் பார்த்துவிட்டு வந்து, “அதே மாதிரி எங்க வீட்டு ஹால்ல வேணும்” என்றார். எங்கள் அண்ணாச்சிக்கு உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். “அதுக்கென்ன, செஞ்சிருவோம்” என்று சொல்லிவிட்டு, சென்னையில் கடல் மீன் இறக்குமதி பண்ணும் பாஷா பாயின் நம்பரை என் கையில் கொடுத்து, “நீயே பேசிக்கோ” என்று கழன்றுகொண்டார். பாய்தான் எனக்குப் போனிலேயே பாடம் எடுத்தார். லைவ் ராக், பவர் ஹெட், ஸ்கிம்மர், மெட்டல் ஹாலைடு லைட் எல்லாம் அவர் வாயால் கேட்டு, ஒரு பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன்.

தொட்டிக்கு உப்புக் கலக்கிற அன்று தங்கவேல் முதலாளி நின்று வேடிக்கை பார்த்தார். “எங்க ஆபீஸ் உப்பப் போட்டா ஆகாதோ?” என்றார். அவர் சொன்னது வெடியுப்பு.

“போட்டா மீனு வானத்துக்குல்ல போயிரும் அண்ணாச்சி,” என்றேன்.

சிரித்துவிட்டார். அன்றிலிருந்து என்னிடம் கொஞ்சம் சகஜமாகப் பேச ஆரம்பித்தார்.

முதல் தப்பு ஜோடியில். ஒரே அளவில் இரண்டு மீன் கேட்டு வாங்கிவிட்டேன். வாங்கி விட்ட அன்றைக்கே இரண்டும் கட்டிப் புரண்டு சண்டை. ஒன்றின் வால் கிழிந்து தொங்கியது. பாய் போனில் தலையில் அடித்துக்கொண்டார். “ஒண்ணு பெரிசு, ஒண்ணு சிறிசு வுடணும்மா. இந்த மீனு எல்லாம் பொறக்கறப்ப ஆம்பளதான். ரெண்டுல எது பெரிசா வளருதோ அது பொம்பளயா மாறிடும். ரெண்டும் ஒரே சைஸ்னா யாரு பொம்பளன்னு அடிச்சிக்கும்.”

ஒன்றைத் திருப்பி அனுப்பி, அதைவிடச் சின்னதாக ஒன்று வரவழைத்தேன். தங்கவேல் முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டு, “பெருசு பொம்பள, சிறுசு ஆம்பள. பெருசு சொல்றதச் சிறுசு கேக்கணும். எங்க வீடு மாதிரின்னு சொல்லு” என்றார். கனகம் அம்மா உள்ளே இருந்து, “அங்கன என்ன பேச்சு?” என்று கேட்க, அவர் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த தப்பு பூவில். பாய் அனுப்பியிருந்த போட்டோக்களில் வெள்ளை வெளேர் என்று ஒன்று இருந்தது. மல்லிகைப் பூப் போல அழகு. அதையே கேட்டு வாங்கினேன். பத்தே நாளில் கரைந்து நாறிப்போனது. பூவின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி இருந்து வெளிச்சத்தில் அதற்குச் சாப்பாடு செய்து கொடுக்கும். அந்தப் பாசி செத்துப்போனால்தான் பூ வெளுக்கும். நான் அழகு என்று பார்த்தது சீக்கு. பாய் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை.

அந்தச் சாவில்தான் தங்கவேல் முதலாளி முகம் கறுத்தார். வெடி ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு சீசன் தொடங்கும் நேரத்தில் வீட்டில் எது செத்தாலும் மனசு கெட்டுப்போகும். ஆபீசில் விபத்து வருமோ என்ற அந்தப் பயம், பட்டவர்களுக்குத்தான் தெரியும். “இன்னொண்ணு வாங்கி விடு. அதுவும் செத்துச்சுன்னா தொட்டி இங்க இருக்கக் கூடாது, தூக்கிட்டுப் போயிரணும். எங்களால பாத்துக்கிட்டு இருக்க முடியாது” என்றார்.

இரண்டாவது தடவை நான் வாயை மூடிக்கொண்டு பாய் சொன்னபடி கேட்டேன். எல்லாக் கோமாளி மீனும் எல்லாப் பூவிலும் குடியேறாது. மரூன் கிளவுன் என்கிற கோமாளி மீன் பபிள் டிப் என்ற பூவைத்தான் தேடும். நம் ஆரஞ்சுக் கிளவுனுக்கு ஜெயன்ட் கார்பெட் என்ற பூ நன்றாகப் பொருந்தும். ஆனால் அதை வளர்ப்பது கஷ்டம். நிறம் பழுப்பாக இருக்க வேண்டும். வாய் இறுக மூடியிருக்க வேண்டும். அடிப்பாதம் கிழியாமல் இருக்க வேண்டும். விரல் வைத்தால் பிசின் மாதிரி ஒட்ட வேண்டும்.

தெர்மாகோல் பெட்டியில் சென்னை பஸ்ஸில் வந்து இறங்கியது அந்தப் பழுப்புப் பூ. சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து பழக்கி, தண்ணீரைச் சுழற்றுகிற பவர் ஹெட் மோட்டாரை நிறுத்திவிட்டு, பாறை இடுக்கில் உட்கார வைத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பெரிய மீன் பக்கத்தில் வந்து முகர்ந்தது. வாலால் தொட்டுப் பார்த்தது. அப்புறம் ஒரு முங்கு முங்கி உள்ளே போய்விட்டது. சின்னதும் பின்னாலேயே போனது.

கனகம் அம்மா கைதட்டினார். ஐம்பது வயதுப் பெண்மணி, சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். “இந்த வீட்டுக்கு நான் வாக்கப்பட்டு வந்தப்பகூட இம்புட்டுச் சீக்கிரம் உள்ள போகலடீ” என்றார்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் தங்கவேல் முதலாளி தொட்டி முன்னால் நிற்பார். இறால் துண்டை விரலில் பிடித்துப் பூவுக்குக் கொடுப்பார். மனுஷ விரலின் தோல் தடிப்பு, அதன் கொட்டு உறைக்காது; அவர் விரலை மெதுவாகப் பிடித்து இழுக்கும். மூன்று வயதுப் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, “பாரு, தாத்தாவுக்குக் கை குடுக்குது” என்பார்.

மூன்று வாரம் நானே போய்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டேன். வெயிலில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. அதனால் வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். தொழிலில் டாப் அப் என்போம். கடையிலிருந்து கேனில் கொண்டுபோய் ஊற்றினேன். நாலாவது வாரம், எல்லாம் நன்றாகப் போகிறதே என்று, அந்த வேலையைக் கனகம் அம்மாவிடம் ஒப்படைத்தேன். “குழாய்த் தண்ணி வேண்டாம்மா. நீங்க குடிக்கிற தண்ணியவே ஊத்துங்க. அம்புட்டுத்தான்” என்றேன்.

4. காப்பர்

அப்படிச் சொல்லிவிட்டு வந்த பத்து நாளுக்குள்தான் அந்தப் போன் வந்தது.

நான் போய்ப் பார்த்தபோது பூ தேங்காய்ச் சிரட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வாய் பிளந்திருந்தது. மீன் இரண்டும் கொழுகொழு என்று அதைச் சுற்றி வந்தன. உப்பு மீட்டர் சரி. சூடு சரி. வெளிச்சம் சரி. அங்கிருந்தே பாஷா பாய்க்குப் போன் போட்டேன்.

“மீனு எப்டிக்கீது?”

“மீனு ஜம்முனு இருக்கு பாய்.”

“தொட்டி அழுக்கத் திங்க ரெண்டு உசுரு இறால் வுட்டியே, அது?”

“அது போன வாரமே போயிருச்சு.”

“மீன் நல்லாக்கீது, இறாலும் அனிமோனும் மட்டும் சாவுதுன்னா காப்பர்மா. தண்ணில எங்கயோ காப்பர் எறங்குது. மீனு தாங்கும், இதுங்க தாங்காது. டெஸ்ட் கிட் போட்டு வுடறேன், பாரு.”

மறுநாள் பஸ் பார்சலில் கிட் வந்தது. சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்து விட்டேன். நிறம் மாறியது. காப்பர் இருந்தது.

எங்கள் ஊரில் காப்பர் என்றால் சின்னப் பிள்ளையும் சொல்லும். பச்சைக்குப் பேரியம், ஊதாவுக்குக் காப்பர். வெடி ஆபீஸ் பாஷையில் காப்பர் என்றால் ஊதா மருந்து. அந்த வீட்டில் ஊதா மருந்தைத் தொட்டுவிட்டு வந்து தினமும் தொட்டிக்குள் கை விடுகிறவர் ஒரே ஒருத்தர்தான். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் இந்த அவசரப் புத்தி உண்டு. தெரிந்துவிட்டது என்று தோன்றினால் வாயை அடக்க முடியாது.

சாயங்காலம் அவர் வந்ததும் குழாயை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“அண்ணாச்சி, இதப் பாருங்க. காப்பர். உங்க கைல இருந்துதான் எறங்குது. இனிமே நீங்க தொட்டிக்குள்ள கைய விடக் கூடாது.”

“நான் சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுல்ல வீட்டுக்கே வாரேன்.”

“நகத்துக்குள்ள இருக்கும். தோலுக்குள்ள ஏறியிருக்கும். சோப்புக்கு அது போகுமா? உங்க கைதான் அண்ணாச்சி பூவைக் கொல்லுது.”

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது. அவர் கோபப்படவில்லை. தன் கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், “சரிம்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாதித் தண்ணீரை மாற்றி, விஷத்தை உறிஞ்சுகிற கார்பன் பை போட்டேன். இரண்டு நாளில் பூ கொஞ்சம் விரிந்தது. நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று கடையில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். சுந்தரம் அண்ணாச்சிகூட, “பரவால்லயே, டாக்டருக்குப் படிச்சிருக்கலாம் நீ” என்றார்.

5. குடம்

எட்டாம் நாள் பூ மறுபடி சுருங்கியது. கிட்டில் காப்பர் முன்னைவிடக் கூடக் காட்டியது.

அந்த எட்டு நாளும் தங்கவேல் முதலாளி தொட்டிப் பக்கமே வரவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் எங்கிருந்து வருகிறது? பாறையைச் சோதித்தேன். பவர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் ஒரு விரற்கடை வற்றியிருந்ததைப் பார்த்து, “அம்மா, டாப் அப் பண்ணணும், தண்ணி குடுங்க” என்றேன்.

“இரு, குடிக்கிற தண்ணி கொண்டாரேன்” என்று உள்ளே போன கனகம் அம்மா, செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார். பொட்டு அழுக்கில்லாமல், புளி போட்டு விளக்கின செம்பு. தங்கம் மாதிரி மின்னியது.

நான் கையை நீட்டி வாங்கினேன். வாங்கினபடியே நின்றேன்.

“இது எங்க இருந்தும்மா எடுத்தீக?”

“குடத்துல இருந்துதான். தண்ணி வடிகட்டுற மிஷின்ல பிடிச்சு ராத்திரியே செப்புக் குடத்துல ஊத்தி வச்சிருவோம். ஒடம்புக்கு நல்லதாம்ல. நீதான சொன்ன, குடிக்கிற தண்ணியவே ஊத்தச் சொல்லி?”

காப்பர் என்றால் செம்பு. பள்ளிக்கூடத்தில் நானும்தான் படித்தேன். ஆனால் எங்கள் ஊரில் காப்பர் வெடி ஆபீசில் இருந்தது, செம்பு அடுக்களையில் இருந்தது. இரண்டும் ஒன்று என்று என் மண்டையில் உறைக்கவே இல்லை. மிஷினில் வடிகட்டின வெறும் தண்ணீர், புளியில் தேய்த்த குடத்தில் ராத்திரி முழுக்கக் கிடந்து செம்பைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதைத்தான் அந்த அம்மா தினமும் சாமிக்கு அபிஷேகம் செய்வது மாதிரி பயபக்தியோடு ஊற்றியிருக்கிறார். குடத்துத் தண்ணீரைக் கிட்டில் சோதித்தேன். நிறத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

கனகம் அம்மாவுக்கு விஷயம் புரியவில்லை. நான் பூவை நினைத்து வருத்தப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: “அவுகதான் ரொம்ப ஒடஞ்சு போயிட்டாக முத்து. ஒரு வாரமாப் பேத்தியத் தூக்கல. அது தாத்தா தாத்தான்னு கைய நீட்டுது. ‘என் கையில விஷம் இருக்குன்னு முத்து சொல்லுச்சு, சின்னப் பிள்ளயத் தொட வேண்டாம்’னுட்டாக.”

இதைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

கடைக்கு வந்து சுந்தரம் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஷட்டர் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சொன்னதக் கேளு. நாளைல இருந்து கேன் தண்ணி நாம குடுப்போம்னு சொல்லு. கொடத்தப் பத்தி மூச்சு விடாத. கை விஷயத்தையும் கிளறாத. நம்மதான் தப்பாச் சொல்லிக் கெடுத்தோம்னு தெரிஞ்சா தொட்டி கடை வாசலுக்கு வந்துரும். நீ எங்க போவ?”

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகவும்தான் சொன்னார். நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். கேன் தண்ணீர் ஊற்றினால் பூ தேறலாம். முதலாளியின் கைதான் காரணம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டே இருக்கட்டும். எனக்கு வேலை இருக்கும், நெஞ்சில் இழுப்பு இருக்காது. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்தக் குழந்தை கையை நீட்டிக்கொண்டு நிற்பது கண் முன்னால் வந்தது.

சாயங்காலம் போனேன். தங்கவேல் முதலாளி ஹாலின் மறுகோடியில், தொட்டிக்கு முதுகு காட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கனகம் அம்மா பக்கத்தில் இருந்தார்.

“அண்ணாச்சி, உங்க கையில ஒண்ணும் இல்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

அவர் பேப்பரை இறக்கினார்.

“கொடத்துல இருந்து எறங்கியிருக்கு. செப்புக் கொடம். காப்பர்னாலும் செம்புனாலும் ஒண்ணுதானே. எனக்கு அப்ப மண்டையில ஏறல. எடுத்த எடுப்புல உங்க கையச் சொல்லிட்டேன்.”

“ஏ ஆத்தா, அப்ப நாந்தான் ஊத்திக் கெடுத்தேனா?” என்று கனகம் அம்மா வாயில் கை வைத்தார்.

“நீங்க இல்லம்மா. குடிக்கிற தண்ணிய ஊத்தச் சொன்னது நான். எதுல பிடிச்சு வைக்கீகன்னு கேக்காம விட்டதும் நான். ரெண்டுமே என் தப்புத்தான்.”

தங்கவேல் முதலாளி எழுந்து நின்றார். “பாப்பா, இங்க வா” என்றார். உள்ளிருந்து ஓடிவந்த குழந்தையை இரண்டு கையாலும் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முகத்தைத் திருப்பாமலே, “பூ பொழைக்குமா?” என்று கேட்டார்.

“தெரியல அண்ணாச்சி. பாறையோட தூக்கிட்டுப் போய்க் கடைத் தொட்டில வச்சுப் பாக்கணும். பொழைக்கலன்னா... நீங்க ஏற்கனவே சொல்லியிருக்கீக. தொட்டிய எடுத்துக்கிடுதேன்.”

“எதுக்கு எடுக்கணும்?”

“நாந்தான அண்ணாச்சி கெடுத்தேன்.”

அவர் குழந்தையை இறக்காமலே என் பக்கம் திரும்பினார். “எங்க ஆபீஸ்ல மருந்து கலக்குறவன் கை தவறிட்டான்னு வையி. அண்ணாச்சி, தப்பாக் கலந்துட்டேன்னு ஓடியாந்து சொல்லணும். அப்படிச் சொன்ன ஒருத்தனக்கூட நான் வேலைய விட்டு அனுப்புனதில்ல. மறைக்கிறவனத்தான் அன்னைக்கே அனுப்புவேன். அவன் மறைச்சா ஒரு ரூமே போயிரும், ஆளோட போயிரும். நீ வந்து சொல்லிட்ட. உன்ன எதுக்கு நான் அனுப்பணும்?”

கையெடுத்துக் கும்பிட்டேன். கனகம் அம்மா, “போதும், போதும், மொதல்ல அந்தப் பூவைப் பாரு” என்று என்னை விரட்டினார்.

6. ஒரு போன்

பூ கடைத் தொட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது. முதல் வாரம் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. நான் காலையில் கடைக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு நாள் வாய் மூடியிருந்தது. இன்னொரு நாள் விரல் வைத்தேன், ஒட்டியது. சுந்தரம் அண்ணாச்சியைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடி வெட்டும் வைரத்தைக் கையில் வைத்தபடியே ஓடிவந்தார். “ஒட்டுதா? என் விரலப் பிடிக்குமா?” என்று அவரும் விட்டுப் பார்த்தார். மறைக்கச் சொன்னவர்தான். ஆனால் நான் போய்ச் சொல்லிவிட்டு வந்த பிறகு என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பூவுக்கு வேண்டும் என்று தன் கைக்காசில் புது லைட் வாங்கி மாட்டினார். அவருக்கும் நான் கடமைப்பட்டவள்.

அந்த ஒரு மாதமும் கோமாளி மீன் ஜோடி வீடில்லாமல் பவர் ஹெட்டையே உரசிக்கொண்டு கிடந்தது. தண்ணீரை முழுக்க மாற்றி, காப்பர் இல்லை என்று கிட் மூன்று தடவை சொன்ன பிறகு பூவைக் கொண்டுபோய் வைத்தேன். மீன் இரண்டும் அன்றைக்கே உள்ளே போய்விட்டன.

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம், எந்தக் கிளவுனுக்கு எந்த அனிமோன் என்று கேட்கிறார்கள். அதற்கு இப்போது புத்தகம் இருக்கிறது, போனில் தட்டினால் படமே வருகிறது. நான் சொல்வது வேறு. ஒரு வீட்டில் போய், இதை ஊற்றுங்கள், அதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வாசலோடு திரும்பி வராதீர்கள். அடுக்களை வரை போங்கள். எந்தப் பாத்திரம், எந்தத் தண்ணீர், யார் கை என்று கண்ணால் பாருங்கள். நாம் சொன்ன வார்த்தை அந்த வீட்டில் என்னவாகப் புரிந்துகொள்ளப்படும் என்று ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். அப்படியும் தப்பு வரும். வந்தால், அடுத்தவர் கை மேல் பழியைப் போடும் முன்னால் உங்கள் வாயிலிருந்து என்ன வந்தது என்று யோசியுங்கள். நம் தப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். நான் ஒரு டீ நேரம் தாமதித்தேன், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பூவைத் திரும்ப வைத்த மறுவாரம் நான் அந்த வீட்டில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். தங்கவேல் முதலாளி யாரோ சொந்தக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். தொட்டியின் மறுபக்கம் நான் இருப்பது அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் இருந்தவர் தங்கள் வீட்டுக்கும் இதே மாதிரித் தொட்டி வேண்டும், மதுரையில் பெரிய கடையில் சொல்லட்டுமா என்று கேட்டிருப்பார் போல.

“மதுரையெல்லாம் வேண்டாம். இங்கன முத்துன்னு ஒரு பிள்ள இருக்கு. ஆமா, எங்க தொட்டியக் கெடுத்த பிள்ளதான். கெடுத்தது நாந்தான்னு அதுவா வந்து சொல்லுச்சு. அதையே கூப்பிடு.”

அந்த ஒரு போனில் மூன்று வீடு வந்தது. மூன்று வீட்டிலிருந்து விருதுநகர் வரைக்கும் ஆர்டர் போனது. அதற்குப் பிறகு நான் தீப்பெட்டி ஆபீஸ் வாசலை மிதிக்கவே இல்லை. இன்றைக்கு எனக்கு அறுபது வயதாகிறது, மாடிப்படி ஏறினாலும் நெஞ்சு இழுப்பதில்லை.